லைசென்ஸ் இல்லாத டிஜிட்டல் வாக்கி டாக்கி: ராமநாதபுரம் கடற்கரையில் யாருக்கு எது சரிப்படும்?

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர், மண்டபத்தில் நண்டு கம்பெனி வைத்திருப்பவர், தொண்டிப் பக்கம் இறால் பண்ணை போட்டிருப்பவர், யார் வாக்கி டாக்கி வாங்கக் கிளம்பினாலும் கடையில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். அதில் எட்டு, பத்து என்று ஏதாவது ஒரு எண் பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பி ஆறு செட் வாங்கி வந்து, மூன்றாம் மாடியிலிருந்து பின்பக்கப் பார்க்கிங்கில் நிற்கும் வாட்ச்மேனைக் கூப்பிட்டால் கரகரப்புதான் பதிலாக வரும்.

ஐந்து பேரிலிருந்து முப்பது பேர் வரை வேலைக்கு வைத்திருக்கிற நம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் டிஜிட்டல் செட், அதே இனத்தில் அனலாக் செட் (குரலை எண்ணாக்காமல் அப்படியே அனுப்புகிற பழைய வகை), சிம் போட்டுப் பேசும் செட், லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்தும் பெரிய செட், ஏற்கெனவே எல்லார் பையிலும் இருக்கிற போன், இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டல் என்பதற்காகத் தூரம் அதிகமாகிவிடாது, கூடுவது வேறு சில வசதிகள், அந்த வசதிக்குக் காசு கொடுக்கலாமா என்பதை உங்கள் கட்டடத்தையும் ஆட்களையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் சட்டம்

வேறு ஊராக இருந்தால் இதைக் கடைசியில் சொல்லியிருக்கலாம். நம் கரையில் முடியாது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கரை நெடுக மரைன் போலீஸ், எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு நாடு. இப்படிப்பட்ட இடத்தில் அடையாளம் தெரியாத ரேடியோ செட் ஒன்று கையில் இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும், வருவதும் நியாயம்தான்.

1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே இந்தியாவில் ரேடியோ செட்டில் பேசுவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. அந்தப் பொது விதியிலிருந்து சில அலைவரிசைகளுக்கு மட்டும் அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. நமக்கு வேண்டியது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்னத் துண்டு. 2018-இல் வந்த குறைந்த சக்தி ரேடியோ கருவிகளுக்கான விலக்கு விதிகளில் இது இருக்கிறது. ஐரோப்பாவில் இதே துண்டைத்தான் பிஎம்ஆர் 446 என்கிறார்கள். அந்தத் தரத்துக்குத் தயாராகிற செட் அரை வாட் சக்தியில், கழற்ற முடியாத ஆன்டெனாவோடு வரும். இந்த இரண்டையும் மனதில் வையுங்கள், கடையில் போலியைக் கண்டுபிடிக்க உதவும்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால் பேப்பரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் டபிள்யூபிசி என்கிற மத்திய அரசுப் பிரிவின் இடிஏ, அதாவது கருவி வகை ஒப்புதல், இருக்க வேண்டும். அதை வாங்குவது கம்பெனிக்காரர் அல்லது இறக்குமதி செய்பவர் பொறுப்பு. நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. ஆன்லைன் கடைகளில் கண்டபடி வாக்கி டாக்கி விற்கிறார்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் தனியாக வழிகாட்டு நெறிமுறையே கொண்டுவந்துவிட்டது. அலைவரிசை என்ன, லைசென்ஸ் தேவையா, ஒப்புதல் இருக்கிறதா என்பதை விற்பவர் காட்ட வேண்டும். காட்டாத பக்கமாக இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கடந்து போய்விடுங்கள்.

இப்போது எல்லாரும் கேட்கிற அந்தச் சீன செட் விஷயம். பாஃபெங் 888எஸ், யுவி-5ஆர் போன்றவை மலிவு, சத்தம் நன்றாக இருக்கும், ஐந்து வாட் என்று போட்டிருக்கும். 888எஸ் 400-லிருந்து 470 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் பேசும். அதில் 446-ஐ மட்டும் போட்டுக்கொண்டால் சட்டப்படி ஆகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆகாது, சக்தி கூடுதல், ஆன்டெனா கழற்றி மாற்றுகிற வகை. யுவி-5ஆர் இன்னும் வம்பு. அது 156.8 மெகாஹெர்ட்ஸிலும் பேசும், அது கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுகிற 16-ஆம் சேனல். லாட்ஜ் பையன் இடுப்பில் செருகிய செட்டின் பட்டன் தெரியாமல் அழுந்தி அந்தச் சேனல் அடைபட்டால், அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றுபோய் கூப்பிடுகிற விசைப்படகுக்காரர் குரல் யாருக்கும் கேட்காது. லைசென்ஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து வருகிற செட்டும் இப்படித்தான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வீட்டுக்கொருவர் வெளியே இருப்பதால் மச்சான் அனுப்பினார், மாமா கொண்டுவந்தார் என்று செட் வந்துவிடும். அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாத டிஜிட்டல் செட் என்று தேடினால் கண்ணில் படுவது மோட்டோரோலாவின் டிஎல்ஆர் 1020, 1060 வகை. நல்ல சாமான், கைக்கு அடக்கம், பேச்சும் துல்லியம். ஆனால் அது 902-லிருந்து 928 மெகாஹெர்ட்ஸுக்குள் தாவித் தாவிப் பேசுகிற செட், அங்கே அந்தத் துண்டு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நம் நாட்டில் 890 முதல் 915 வரை போன்கள் டவருக்குப் பேசுகிற பாதை. இங்கே அதை ஆன் செய்தால் பக்கத்து டவரின் காதில் இரைச்சல் போடுகிறோம் என்று அர்த்தம். அமெரிக்கக் கடைகளில் ஜோடியாகத் தொங்குகிற 462, 467 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளும் இங்கே செல்லாது. பரிசாக வந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும். சாட்டிலைட் போனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கைது வரைக்கும் போகும்.

27 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் ஒரு விலக்கு உண்டு, 2005-இலிருந்து, ஐந்து வாட் வரை. ஆனால் அதற்குச் சரியான ஆன்டெனா ஆளைவிட உயரம். சின்ன ரப்பர் ஆன்டெனாவில் பாதி சக்தி வீணாகும், மோட்டார் ஓடுகிற இடத்தில் இரைச்சல் தாங்காது. விட்டுவிடலாம்.

அனலாக்கா டிஜிட்டலா

446-க்குள் மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ்தான் இடம். அனலாக் ஒரு சேனலுக்கு 12.5 எடுத்துக்கொள்ளும், ஆகப் பதினாறு சேனல். டிஜிட்டலில் இரண்டு சாதி. டிபிஎம்ஆர் என்பது 6.25 எடுத்துக்கொண்டு முப்பத்திரண்டு சேனல் தரும். டிஎம்ஆர் என்பது 12.5 எடுத்துக்கொண்டு பதினாறு தரும். இந்த இரண்டு சாதியும் ஒன்றோடொன்று பேசாது. ஐகாமின் எஃப்29எஸ்டிஆர் டிபிஎம்ஆர் சாதி, ஹைடெரா டிஎம்ஆர் சாதி. இன்றைக்கு நாலு செட் ஒரு கம்பெனியில், அடுத்த வருஷம் நாலு செட் இன்னொரு கம்பெனியில் என்று வாங்கினால் கடைசியில் எல்லாவற்றையும் அனலாக்குக்கு இறக்கித்தான் பேச வேண்டியிருக்கும். டிஜிட்டலுக்குக் கொடுத்த காசு போச்சு.

அனலாக் செட்டில் ஒரு ஏமாற்று வார்த்தை உண்டு, பிரைவசி கோடு, அதாவது ரகசியக் குறியீடு. முப்பத்தெட்டு கோடு இருக்கிறது, யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று விற்பார்கள். அந்தக் கோடு செய்வதெல்லாம் நம் செட்டின் காதைப் பொத்திவிடுவது போலத்தான், நம் கோடு இல்லாத குரல் நமக்குக் கேட்காது, ஆனால் நாம் பேசுவது கோடு போடாத எந்த செட்டிலும் தாராளமாகக் கேட்கும். இரண்டு பேர் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசினால் கோடு வேறாக இருந்தாலும் முட்டிக்கொள்ளும். ராமேஸ்வரம் சன்னதித் தெருவைச் சுற்றி லாட்ஜுகள் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும்தானே, ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்றைக்கு நாலைந்து லாட்ஜ் ஒரே சேனலில் ரூம் விலை பேசிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? "ரெண்டாயிரத்துக்குக் கொடுத்துடு" என்று நம் மேனேஜர் சொல்வது எதிர் லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்கும். இங்கேதான் டிஜிட்டலுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அனலாக் செட் வைத்திருப்பவருக்கு டிஜிட்டல் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் விழும். குழு எண் போட்டால் ஹவுஸ்கீப்பிங் தனியாக, பார்க்கிங் தனியாகப் பேசலாம், ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிடலாம், திரை இருக்கிற செட்டில் யார் பேசுகிறார் என்று பெயரும் வரும். அதற்காக டிஜிட்டல் என்றாலே பூட்டு என்று நினைக்கக் கூடாது. அதே சாதி செட் வைத்து மெனக்கெட்டால் கேட்டுவிட முடியும். ரூம் விலைக்குப் போதும், கல்லாவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை எந்த ரேடியோவிலும் பேசாதீர்கள்.

தூரத்துக்கு வருவோம். நின்றுகொண்டு வாய்க்கு நேரே பிடித்தால் செட் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். பூமி வளைவுக் கணக்குப்படி அந்த உயரத்துக்கு ரேடியோ அடிவானம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்தால் பத்து. நடுவில் ஒரு புதர்கூட இல்லாமல் இருந்தால் வருகிற காகிதக் கணக்கு இது. அரை வாட்டில், நம் சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவில், செட்டை இடுப்பில் செருகி இயர்போனில் பேசுகிற ஆளுக்கு (உடம்பே பாதி சிக்னலைக் குடித்துவிடும்) ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு இலையெல்லாம் ஈரமாக இருந்தால் அதிலும் குறையும். அனலாக்குக்கும் இதே கணக்கு, டிஜிட்டலுக்கும் இதே கணக்கு. வித்தியாசம் விளிம்பில் மட்டும்தான். அனலாக் குரல் போகப் போகத் தேய்ந்து இரைச்சலோடு கலந்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் வா" என்று நமக்கே புரியவைத்துவிட்டுத்தான் அறுந்துபோகும். டிஜிட்டல் கடைசி வரை பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டுவிட்டு, அடுத்த பத்தடியில் ஒன்றுமே இருக்காது. பழகாத ஆட்கள் செட் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்து கொடுப்பார்கள்.

டிஜிட்டலில் இன்னொன்று, பட்டனை அழுத்தி ஒரு கணம் விட்டுப் பேச வேண்டும். அழுத்திய வேகத்தில் "நாலாம் நம்பர் ரூமுக்குத் தண்ணி" என்று சொன்னால் 'நாலாம்' காணாமல் போய், பையன் எந்த ரூம் என்று திரும்பிக் கேட்பான். காற்றும் ஒரு தொல்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் பக்கம் திறந்தவெளியில் நின்று பேசிப் பாருங்கள், அனலாக்கில் காற்றும் சேர்ந்து கேட்கும், ஆனால் ஆள் குரல் எப்படியோ காதில் பிடிபடும். டிஜிட்டல் குரலைப் பொடித்து எண்ணாக்கித்தான் அனுப்புகிறது, அளவான இரைச்சலை நன்றாகவே வடிகட்டும், அளவு மீறினால் குரலையும் சேர்த்துக் கடித்துத் தகர டப்பாவில் பேசுவது மாதிரி ஆக்கிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி, மைக்கை உள்ளங்கையால் மறைத்துப் பேசச் சொல்லிக்கொடுத்தால் பாதி தீர்ந்தது. ஜெனரேட்டர் ரூமில் வேலை செய்பவருக்குத் தோளில் குத்திக்கொள்ளும் மைக் வாங்கிக் கொடுப்பது நல்ல செலவு.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. சூடான கடல் மேல் சில நாட்களில் அலைகள் வளைந்து வளைந்து வெகுதூரம் போகும், எண்பதுகளில் நம் ஊர்களில் மூங்கிலில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்ததற்கு அந்தக் கடலும் ஒரு காரணம். அதே வழியில் அக்கரையில் யாராவது 446-இல் பேசினால் சில ராத்திரிகளில் நம் செட்டிலும் கேட்கலாம். பயப்பட வேண்டியதில்லை. பதில் பேசாமல் சேனலை மாற்றிக்கொண்டால் போதும்.

எந்த இடத்துக்கு எது

மூன்று நாலு மாடி லாட்ஜ், எட்டு பேர் வரை ஆட்கள் என்றால் அனலாக் 446 செட்டே தாராளம். ஆனால் சன்னதித் தெரு, அக்னி தீர்த்தம் பக்கம் போன்ற நெருக்கத்தில் இருந்தால், இல்லை ஹவுஸ்கீப்பிங், டிரைவர், வாட்ச்மேன் என்று குழு பிரிய வேண்டுமென்றால், டிஜிட்டலுக்குப் போங்கள். இங்கே நான் தயங்கவே மாட்டேன். யாத்ரீகர் கூட்டத்தைக் கோயிலுக்குள் அழைத்துப்போகும் ஆளுக்கும் ஒரு செட் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று சொல்லிவிட்டது, வாக்கி டாக்கிக்கு மட்டும் கதவு திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படியே உள்ளே போனாலும் அந்தக் கல் பிரகாரத்தில் அரை வாட் ரொம்ப தூரம் போகாது. இருபத்திரண்டு தீர்த்தமும் முடித்து வெளியே வருகிற வாசலில் ஒரு ஆளை செட்டோடு நிறுத்துங்கள், வேலை நடக்கும்.

நண்டு கம்பெனி, மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி. இவைதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். கோல்டு ஸ்டோரேஜ் சுவர் பஃப் பேனல், அதாவது இரண்டு பக்கமும் தகடு, நடுவில் ஃபோம். கதவை மூடினால் ரேடியோவுக்கு அது இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கிற ஆளுக்கு 446 டிஜிட்டலும் கேட்காது, அனலாக்கும் கேட்காது, போனும் கேட்காது. விலை கூடிய செட் வாங்கினால் கேட்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்துகிற அலாரம் பட்டன் கம்பி வழியாகத்தான் இருக்க வேண்டும், அதை எந்த ரேடியோவாலும் ஈடுகட்ட முடியாது. மைனஸ் பதினெட்டில் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துபோகும், உள்ளே போகும் ஆள் செட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வாசல், கிரேடிங் டேபிள், லோடிங், ஆபீஸ் இவற்றுக்கிடையே அனலாக்கே ஓடும், மோட்டார் சத்தம் அதிகமென்றால் டிஜிட்டல் காதுக்கு இதம். வடக்கிலிருந்து வந்த பையன்களும் நம் ஊர்ப் பெண்களும் கலந்து வேலை செய்கிற இடத்தில் திரையில் பெயர் தெரிவது பெரிய வசதி, யார் கூப்பிட்டது என்று ரெண்டு பாஷையில் விசாரிக்க வேண்டியதில்லை.

சரி, அதே கம்பெனியின் வண்டி சரக்கு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகிறது, மேனேஜர் மண்டபத்தில், ஏலம் பார்க்கிற ஆள் ராமேஸ்வரம் ஜெட்டியில். இதற்கு எந்த 446-உம் பதிலில்லை. சிம் போட்ட செட் வாங்குங்கள். பார்க்க வாக்கி டாக்கி மாதிரியே இருக்கும், பட்டனை அழுத்தினால் பேசும், ஆனால் உள்ளே ஓடுவது மொபைல் டேட்டா. மதுரையிலிருந்தாலும் பேசலாம், வண்டி எங்கே என்று மேப்பில் தெரியும். ஒவ்வொரு செட்டுக்கும் மாதம் சிம் ரீசார்ஜ், அதற்கு மேல் செட்டைப் பேசவைக்கிற செயலியை நடத்துபவருக்கு வருஷச் சந்தா, இது ஓடிக்கொண்டே இருக்கிற செலவு. பேச்சு ஒரு வினாடி பிந்தி வரும். டவர் இல்லையென்றால் ஒன்றுமில்லை. தனுஷ்கோடி முனைப் பக்கம் ஆள் வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அங்கே இலங்கை நெட்வொர்க் எட்டிப் பார்க்கும். ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். கார்த்திகை மழையில் கரண்டு போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகிற ராத்திரியில் இந்த செட் சும்மா இருக்கும், பக்கத்து மேஜையில் இருக்கிற மலிவான அனலாக் ஜோடி பேசிக்கொண்டிருக்கும். அதனால் சிம் செட் வாங்குகிற கம்பெனியும் ஒரு ஜோடி 446-ஐச் சார்ஜரில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளம், தொண்டிப் பக்க இறால் பண்ணை மாதிரி வெட்டவெளியில் அரை வாட் நன்றாகவே ஓடும், பாத்தி மேல் தடையே கிடையாது. ஒரு கிலோமீட்டருக்குள் பண்ணை முழுவதும் அடங்குகிறது என்றால் 446 வாங்கலாம். ராத்திரி குளத்துத் தண்ணீருக்குக் காற்று கொடுக்கிற ஏரேட்டர் நின்றுவிட்டால் குளத்தங்கரையில் இருக்கிற ஆள் ஜெனரேட்டர் ஆளை எழுப்ப வேண்டும், அதற்கு மட்டும்தான் செட் என்றால் அனலாக் போதும், டிஜிட்டலுக்குச் செலவழிக்கிற காசில் கூடுதல் பேட்டரி வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் விரிந்து கிடக்கிற உப்பளமென்றால் மட்டும் லைசென்ஸ் வழியை யோசிக்கலாம்.

லைசென்ஸ் வழி என்பது சரல் சஞ்சார் என்கிற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, உங்களுக்கென்று அலைவரிசை ஒதுக்கி வாங்கி, வருஷா வருஷம் கட்டணம் கட்டுவது. ஐந்து வாட் கையடக்கம், ஆபீஸில் இருபத்தைந்து வாட் செட், உயரத்தில் ஆன்டெனா, ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பித் தூரத்தைக் கூட்டுகிற கருவி) எல்லாம் முறைப்படி வைக்கலாம். கம்பம் நட்டால் அந்த இடத்துக்குத் தனி அனுமதி வேண்டும், கடற்கரை என்பதால் விசாரணை இன்னும் நிதானமாகத்தான் நடக்கும். முப்பது பேருக்குக் குறைவாக இருக்கிறவருக்கு இந்த அலைச்சல் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை.

கண்ணாடிப் படகு, டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவர்கள் 446-ஐக் கரையில் டிக்கெட் கவுன்டருக்கும் படகுத்துறைக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். படகில் பாதுகாப்புக்கு அதை நம்பக் கூடாது, அதற்கு முறையாக அனுமதி பெற்ற, கடலில் பேசுவதற்கென்றே உள்ள மரைன் விஎச்எஃப் செட்தான், சந்தேகமே வேண்டாம். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக்கான 1093, இரண்டு எண்ணும் படகோட்டி போனில் இருக்கட்டும்.

போன் மட்டும் போதாதா என்று கேட்டால், நாலு பேருக்குப் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் ஆடியோ போட்டுக்கொள்ளலாம், செலவில்லை. ஆனால் நண்டு உரிக்கிற ஈரக் கையால் போனைத் திறக்க முடியாது, போன் கொடுத்தால் ரீல்ஸ் ஓடும், உடனே சொல்ல வேண்டுமென்று போன் பண்ணினால் எட்டு பேருக்கு எட்டு தடவை கூப்பிட வேண்டும். ஒரு பட்டனில் எட்டு பேர் காதுக்கும் போகிறது என்பதுதான் வாக்கி டாக்கிக்கு நாம் கொடுக்கிற விலை.

வாங்கும்போது

உப்புக் காற்றுக்கு எந்த செட்டும் தப்பாது. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் கணக்கு, உப்புத் தண்ணீரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் போவது சார்ஜ் ஏறுகிற பித்தளைப் புள்ளிகள், களிம்பு பிடித்து ஒரு பேட்டரி சார்ஜ் ஏறாது, ஆட்கள் பேட்டரி போச்சு என்பார்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் செட்டைத் துடைத்து, புள்ளிகளை அழிரப்பரால் தேய்த்தால் ஆயுள் கூடும். சார்ஜர் கடல் பார்த்த ஜன்னலோரத்தில் வேண்டாம். இயர்போன் சாக்கெட்டுக்கு மூடி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், நம் பக்கம் செட் சாவது பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான். இயர்போன் பின் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற இரட்டைப் பின் வகையா என்பதும் முக்கியம், சொந்த டிசைன் பின் வைத்த செட்டுக்கு ஒரு இயர்போன் வாங்க மதுரை வரை போக வேண்டியிருக்கும். தனி பேட்டரி விற்பனைக்கு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு வருஷத்தில் செட்டையே மாற்ற வேண்டிவரும்.

டிஜிட்டல் வாங்குவதாக முடிவு செய்தால் அனலாக்கிலும் பேசுகிற மாடலாக எடுங்கள், பழைய செட்டோடு ஒட்டிக்கொள்ளும். குழு எண், பெயர் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் ஏற்ற வேண்டும், அதை டீலரே ஏற்றித் தருவாரா, ஆள் மாறினால் திரும்ப மாற்றித் தருவாரா, அதற்குத் தனிக் காசா என்பதைப் பில் போடும் முன்னால் பேசிவிடுங்கள். பின்னால் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், எதையும் வாங்கும் முன் இரண்டு செட்டை ஒரு நாள் இரவல் கேளுங்கள். தர மறுக்கிற டீலர் வேண்டாம். ஒரு ஆளை ரிசப்ஷனில் உட்கார வைத்து, நீங்கள் மொட்டைமாடி, லிஃப்ட், பின்பக்கப் பார்க்கிங், ஜெனரேட்டர் ரூம், கோல்டு ஸ்டோரேஜ் வாசல் என்று நடந்து எங்கெங்கே அறுகிறது என்று எழுதுங்கள். செட்டை இடுப்பில் செருகியும் ஒருமுறை, கையில் பிடித்தும் ஒருமுறை. காலையில் காற்றில்லாத நேரம் மட்டும் பார்க்காமல் மத்தியானமும் பாருங்கள். அறுகிற இடம் ஒன்று இரண்டு என்றால் ஆளை நாலடி தள்ளி நிற்கச் சொன்னால் தீரும். பாதி இடம் அறுந்தால் 446 உங்களுக்கு ஆகாது, சிம் செட்டைக் கேளுங்கள். வாங்கி முடித்ததும் இடிஏ நகல், பில், செட்டுகளின் சீரியல் நம்பர் மூன்றையும் ஒரே பைலில் போட்டு ரிசப்ஷன் மேஜையிலேயே வையுங்கள். மரைன் போலீஸ் வந்து கேட்கிற அன்றைக்கு முதலாளி வெளியூரில் இருந்தாலும் பையன் எடுத்துக் காட்டிவிடுவான்.